முறை சொல்லிக் கட்டிய கட்டு

பேச்சித்தாய் ஒரு சத்தம் போட்டாள் என்றால், துறைமுகத்தில் நிற்கிற தோணிக்காரர்கள் மத்தியானச் சங்கு ஊதிவிட்டதென்று சோற்றுச் சட்டியைத் திறந்துவிடுவார்கள். காற்று தோதாக அடித்தால் அந்தச் சத்தம் திருச்செந்தூர் வரைக்கும் போகும். அங்கே கோயில் யானை காதை விடைத்துக்கொண்டு வடக்கே பார்க்கும். ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஒரு வயலில் களையெடுத்துக்கொண்டே அடுத்த ஊர் வயலில் நிற்கிறவளோடு குடும்பக் கதை பேசிப் பழகிய தொண்டை அது. கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்ததும் தொண்டைக்கேற்ற வேலையும் கிடைத்தது. கடற்கரையை ஒட்டியிருந்த பஞ்சு பிரஸ்ஸில், பஞ்சிலிருந்து சருகும் தூசியும் பொறுக்குகிற நாற்பது பெண்களுக்கு அவள்தான் தலைவி.

கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டானா, இங்கே பஞ்சு பிரஸ்ஸில் முதலுதவிப் படை முளைத்துவிட்டது. வேலைத்தலம் என்று இருந்தால், அடிபட்டவனுக்குக் கட்டுப்போடத் தெரிந்த ஆட்களும் இருக்கவேண்டும் என்று சர்க்கார் உத்தரவு. படைக்கு ஐந்து ஆண்பிள்ளைகளைப் பொறுக்கினார்கள். தலைவர் தாணுலிங்கம் மேஸ்திரி. காக்கி நிஜார், கழுத்தில் விசில், புஜத்தில் சிவப்புச் சிலுவை போட்ட பட்டை. குளிக்கும்போதுகூட அவர் அந்தப் பட்டையைக் கழற்றுவதில்லை என்று அவருடைய பெண்சாதி சண்முகத்தாயே தெருக்குழாயில் சொல்லியிருக்கிறாள். படையில் ஆளுக்கொரு நம்பர் உண்டு. நம்பர் ஒன் தாணுலிங்கம். நம்பர் ஒன் உத்தரவு கொடுக்காமல் மற்ற நாலு பேரும் இருமக்கூடக் கூடாது. இது சர்க்கார் போட்ட சட்டமல்ல, தாணுலிங்கம் போட்டது.

ஆடிக்காற்று அடித்த ஒரு நாள், பஞ்சுப் பொதியைச் சுற்றிக் கட்டியிருந்த இரும்புப் பட்டை ஒன்று தெறித்தது. கூடையோடு போய்க்கொண்டிருந்த முத்துக்கனியின் முன்கையைக் கீறிவிட்டது. கீறலா அது! ரத்தம் வெள்ளைப் பஞ்சில் பீய்ச்சி, இரண்டு பொதிப் பஞ்சு செம்பருத்தி நிறமாகிவிட்டது. விசில் பறந்தது. படை ஓடிவந்தது. வந்த வேகத்தில் அப்படியே நின்றது.

"கையைப் பிடிச்சு அமுக்கணும்" என்றான் ஒருத்தன்.

"அமுக்கேன்."

"நானா? எனக்கு மதினி முறைல்லாவே! நாளைக்கு அவ புருசன் என் கையை ஒடிச்சான்னா, அதுக்கு எவன் கட்டுப்போடுவான்?"

"அப்ப நீ பிடிலே."

"எனக்கு மாமன் மவ முறை வேணும். என் பெண்சாதி அந்தா நிக்கா, மூஞ்சியைப் பாத்தியளா?"

தாணுலிங்கம் விரல்விட்டு முறை கூட்டிப் பார்த்தார். அவருக்கும் மச்சினி முறைதான் வந்தது. "அண்ணன் தம்பி முறைக்காரன் ஒருத்தனாவது உண்டுமாலே இந்தப் பிரஸ்ஸுல?" என்று கத்தினார். எடை போடும் இடத்திலிருந்து ஓர் அண்ணன் முறைக்காரனைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அவன் ரத்தத்தைப் பார்த்தான், நெட்டுக்கு மயங்கி விழுந்தான். உடனே படை மொத்தமும் திரும்பி அவனுக்கு முகம் துடைத்து, விசிறி, நாடி பார்த்தது. ஆண்பிள்ளை அல்லவா, தாராளமாகத் தொடலாம்.

அதற்குள் பேச்சித்தாய் தன் முந்தானையைக் கிழித்து முத்துக்கனியின் கையைத் தூக்கிப் பிடித்து இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"எக்கா, நான் செத்துப்போவனாக்கா?"

"சாவுறதுக்கு மேஸ்திரிகிட்ட லீவு கேட்டியாளா? கேக்கல்லல்லா? அப்ப சும்மா இரு."

முத்துக்கனி பிழைத்துக்கொண்டாள். ஆனால் நாற்பது பேருக்கும் வேறொரு வெட்டு விழுந்தது. வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் முதலுதவி கிடைக்கவேண்டும் என்பது உத்தரவு. பெண்களை ஆண்கள் தொடமாட்டார்கள். ஆகவே பெண்களே இல்லாவிட்டால் உத்தரவு மீறப்படாது. மானேஜருக்குக் கணக்கு சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. பெண்களை நிறுத்தப்போவதாக மறுநாளே சொல்லிவிட்டார்.

பேச்சித்தாய் நாற்பது பேரையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். உள்ளே இருந்த மின்விசிறி பயந்து நின்றுபோனதாகச் சொல்வார்கள்.

"படை இல்லேன்னு தானய்யா எங்களை அனுப்புதீய? படை இருந்தா?"

"பெண்கள் படையா?" என்றார் மானேஜர்.

பக்கத்தில் நின்ற தாணுலிங்கத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மதினி, பல்லி விழுந்தா பாயைச் சுருட்டிக்கிட்டு ஓடுத ஆளுக நீங்க. ரத்தத்தைப் பாத்தா நிப்பியளா?"

"நேத்து ரத்தத்தைப் பாத்து விழுந்தது யாரு மேஸ்திரி? சேலையா கட்டியிருந்தான்?"

மானேஜர் சிரிப்பை அடக்க மேசை டிராயரைத் திறந்து எதையோ தேடினார். கடைசியில் சம்மதித்தார். ஐப்பசியில் மெட்ராஸிலிருந்து டாக்டர் ஒருவர் பரீட்சை வைக்க வருகிறார். பெண்கள் தேறினால் வேலையும் நிலைக்கும், தனி முதலுதவிப் பெட்டியும் கிடைக்கும். தேறாவிட்டால் அன்று சாயங்காலமே நாற்பது பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

பாடம் சொல்ல வந்தவள் ஞானபாக்கியம் நர்ஸம்மா. ஆள் ஐந்தடிக்கும் குறைவு. ஆனால் மருந்து குடிக்க மறுத்த ஒரு பயில்வானை மூக்கைப் பிடித்துக் குடிக்கவைத்தவள் என்று பெயர் வாங்கியவள். பேச்சித்தாயையும் அவளையும் ஒரே கொட்டகையில் விட்டால் கூரை தாங்குமா என்று ஆண்கள் பந்தயம் கட்டினார்கள்.

"கேட்டுக்கிடுங்க" என்றாள் ஞானபாக்கியம். "ரத்தம் போனா அமுக்கு. எலும்பு முறிஞ்சா அசைக்காத. ஆளு மயங்கப் பாத்தா பேச்சுக் கொடு. மத்ததெல்லாம் முடிச்சுப் போடுதது. அது உங்களுக்குச் சொல்லித் தரணுமா?"

"வெட்டுக்காயத்துல சுண்ணாம்பு வைக்கலாமா நர்ஸம்மா?" என்று கேட்டாள் அருணாசலவடிவு. படையில் சேர்ந்த ஆறு பேரில் அவள்தான் ஒல்லி.

"வெத்தலையில வைய்யி."

"பஞ்சைச் சுட்ட சாம்பல்?"

"பாத்திரம் விளக்கு."

முறிந்த எலும்பு தோலுக்குள்ளே ஈட்டி மாதிரி. ஆளைக் கையும் காலுமாகப் பிடித்துத் தூக்கினால் ஈட்டி வெளியே வந்துவிடும், பிறகு காலே போய்விடும் என்று சொல்லிக்கொடுத்தாள். முறிந்த காலோடு மூங்கில் தப்பை வைத்து, நல்ல காலையும் சேர்த்துப் பிணைத்து, இரண்டு பாதத்தையும் ஒன்றாகக் கட்டவேண்டும். தாடை முறிந்தால் மோவாய்க்கு அடியில் துணியைக் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சு. காலைச் சேர்த்துக் கட்டி, தாடையைத் தூக்கிக் கட்டி, மல்லாக்கப் படுக்கவைப்பது எந்த வீட்டில், எப்போது நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அடிபட்டவளாகப் படுக்க ஒருத்தியும் முன்வரவில்லை.

"ஏளா வடிவு, நீ படு" என்றாள் பேச்சித்தாய்.

"எக்கா, நான் ரெண்டு பிள்ளை பெத்தவ!"

"நாப்பது பேரு அடுப்பு அணையப் போவுது. படுளா!"

அருணாசலவடிவு சாமியைக் கும்பிட்டுக்கொண்டு படுத்தாள். தாடையைக் கட்டினார்கள். காலைக் கட்டினார்கள். கட்டு நன்றாகத்தான் வந்தது, கொஞ்சம் அதிக நன்றாகவே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவள் மாமியார் தூக்குவாளியில் கஞ்சியோடு வந்தாள். வாசலில் நின்றாள், பார்த்தாள். வாளி உருண்டது. கொண்டை அவிழ்ந்தது.

"ஏ, என் தங்கமே! நீ வச்ச குழம்பு மணம் இன்னும் வீட்டைவிட்டுப் போவலையே! நீ வாசல் தெளிச்சா லெச்சுமி வந்து நிப்பாளே! உன்னைப் போல மருமவ ஏழு சில்லாவுல உண்டுமா!"

அருணாசலவடிவு எழுந்திருக்கத்தான் நினைத்தாள். ஆனால் வாழ்க்கைப்பட்ட நாள்முதல் அந்த வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை கேட்டதில்லை. குழம்பு மணக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. முழுக்கக் கேட்டுவிட்டு எழுந்திருக்கலாம் என்று கண்ணை இன்னும் கொஞ்சம் இறுக மூடிக்கொண்டாள். ஒப்பாரி சமையல், கோலம், பிள்ளை வளர்ப்பு எல்லாம் கடந்து அழகுக்கு வந்தபோது அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை. தாடைக் கட்டோடு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மாமியார் ஓர் 'ஏ' போட்டாள், அப்படியே சாய்ந்தாள்.

படைக்கு நிஜமாகவே மயங்கிய முதல் ஆள் கிடைத்தது. காலை உயர்த்தி, ரவிக்கையைத் தளர்த்தி, காற்றுக்கு வழிவிட்டு, பேச்சுக் கொடுத்துக் கிழவியை எழுப்பி உட்காரவைத்தார்கள். எழுந்ததும் அவள் பேசிய முதல் வார்த்தை, "குழம்புல உப்பு கூடத்தான்ளா போடுத."

மறுநாளிலிருந்து ஞானபாக்கியத்துக்குப் புதுத் தொல்லை. மருமகள்கள் எல்லாரும் பிணமாகப் படுக்க வரிசையில் நின்றார்கள். "நேத்தும் நீதான படுத்தே, எங்க அத்தை வார நேரம்ளா இது!" என்று சண்டை. படுக்க ஆளுக்குப் பஞ்சமில்லாமல் போனதில் ஆறு பேரின் கையும் தேறிவிட்டது. தூக்கத்தில்கூட முடிச்சுப் போட்டார்கள். முத்துக்கனியின் புருஷன் ஒரு நாள் காலையில் கண் விழித்தபோது அவன் கால் கட்டில் சட்டத்தோடு நேர்த்தியாகக் கட்டப்பட்டிருந்தது.

பரீட்சை நாள் வந்தது. பிரஸ் முற்றத்தில் தோரணம், வாத்தியம், பெஞ்சு. தூரத்து மேடையில் மெட்ராஸ் டாக்டரும் மானேஜரும். தூத்துக்குடியில் பாதி அங்கே இருந்தது. மீதிப் பாதி மதில்மேல் இருந்தது. முதலில் ஆண்கள் படை. பொதி அடுக்கின் உச்சியில் ஒருவன் குண்டு பட்டு விழுந்து கிடக்க, படை ஏறி அவனை இறக்கவேண்டும் என்று தாணுலிங்கம் ஏற்பாடு செய்திருந்தார். விழுகிறவனாக நடிக்க அவரைவிட்டால் யார்? குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வருஷா வருஷம் வேஷம் கட்டுகிறவர் அவர்.

உச்சியில் ஏறி நின்றார். கீழே நின்ற நால்வருக்கும், தான் சொன்ன பிறகே அசையவேண்டும் என்று உத்தரவு போட்டார். "ஐயோ, குண்டு!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டாவது சுற்றில் காலடியில் இருந்த பொதி நழுவியது. தாணுலிங்கம் கீழே வந்தார். பொதி அவருக்குப் பின்னால் வந்து அவர் காலில் உட்கார்ந்தது.

கைதட்டல் என்றால் கைதட்டல், காகங்கள் எல்லாம் இலங்கைப் பக்கம் பறந்துவிட்டன.

"எம்மா! செத்தேன்! காலு! காலு!" என்று அலறினார் தாணுலிங்கம்.

"என்னா நடிப்புலே!" என்றான் மதில்மேல் இருந்தவன். மேடையில் டாக்டரும் தட்டினார். பெஞ்சில் சண்முகத்தாய் பெருமையோடு பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். படையின் நாலு பேரும் விறைப்பாக நின்றார்கள். அடுத்த உத்தரவு வரவில்லை. உத்தரவு கொடுக்கிற நம்பர் ஒன், பொதிக்கு அடியில் கிடந்தார்.

பேச்சித்தாய் தட்டவில்லை. அவள் தாணுலிங்கத்தின் பாதத்தைப் பார்த்தாள். முழங்கால் வானத்தைப் பார்க்கிறது, பாதம் துறைமுகத்தைப் பார்க்கிறது. எவ்வளவு பெரிய நடிகனும் முகத்தைச் சுளிக்கலாம், கண்ணைச் சொருகலாம். பாதத்தை மட்டும் தனியாகத் திருப்பி வைக்க முடியாது.

அப்போது போட்டாளே ஒரு சத்தம்! "நிறுத்துங்கலே!"

வாத்தியக்காரன் ஊதிய மூச்சு உள்ளேயே திரும்பிப் போயிற்று. கடலில் ஒரு தோணி பாயை இறக்கிவிட்டது. ஆறு பேரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பரீட்சைக்கு வைத்திருந்த தப்பையும் தூக்குபடுக்கையுமாக ஓடினார்கள். அதற்குள் கூட்டத்தில் பத்துப் பேர் புகுந்து, "தூக்குங்கலே, ஆஸ்பத்திரிக்கு!" என்று மேஸ்திரியின் கையையும் காலையும் பிடிக்கப் போனார்கள்.

"எவனாவது காலைத் தொட்டிய, உங்க காலை நான் முறிப்பேன்! ஏலே, கம்பு மாதிரி நிக்கியளே நாலு பேரும், இப்ப நான்தான் நம்பர் ஒன். பொதியைத் தூக்குங்க. இழுக்கக் கூடாது, நேரா மேல தூக்கணும்!"

உத்தரவு கிடைத்ததுதான் தாமதம், நால்வரும் பொதியைத் தலையணை மாதிரித் தூக்கி அப்பால் வைத்தார்கள். பேச்சித்தாய் மண்டியிட்டு மேஸ்திரியின் பாதத்தைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

"மதினி! தொடாதீய!" என்று பல்லைக் கடித்தார் தாணுலிங்கம். முகம் சாம்பலாகியிருந்தது. "மதினிமாரு வந்து காலைப் பிடிச்சா ஊரு சிரிக்கும். நான் செத்தாலும் பரவால்ல!"

பேச்சித்தாயின் கை அந்தரத்தில் நின்றது. அன்றைக்கு முத்துக்கனி ரத்தம் கொட்டக் கிடந்தபோது நின்ற அதே தடை, இப்போது வேறு பக்கம் திரும்பி நிற்கிறது. அந்தக் கால் போனால் மேஸ்திரியின் பிழைப்பு போகும். கையைக் கட்டிக்கொண்டு நின்றால் நாற்பது பேருடைய பிழைப்பும் போகும். ஒரு மூச்சு இழுத்தாள்.

"மதினியா? யாருலே மதினி? எம் புருசனை நீ அண்ணாச்சின்னு கூப்பிட்டதாலதான நான் மதினி? இன்னையிலேருந்து அவரு உனக்கு அத்தான். நான் உனக்கு அக்கா. சொல்லுலே!"

"மதினி..."

"அக்கா!"

"எ... எக்கா!"

"ஆங். கூடப்பொறந்த தம்பி காலைப் பிடிக்க எவகிட்ட கேக்கணும்?" பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், மலை அசைந்தாலும் அந்தப் பிடி அசையாது. "ஏளா, ஒவ்வொருத்தியா முறையைச் சொல்லிட்டுக் கையை வைய்யிங்க!"

"நான் தங்கச்சிண்ணே" என்று தப்பையை வைத்தாள் முத்துக்கனி.

"நானும் தங்கச்சிதான் அண்ணாச்சி" என்று துணியை முழங்காலுக்கு அடியில் நுழைத்தாள் அருணாசலவடிவு.

"நான் பெரியக்காடா!" என்றாள் படையில் மூத்தவள். இப்படி ஆறு பேரும் உடன்பிறந்தார்கள். ஒரு தாய்க்கு ஆறு பிள்ளை பிறக்க ஆகிற காலம் எங்கே, இந்த வேகம் எங்கே!

சண்முகத்தாய் கொண்டையை அவிழ்த்துக்கொண்டே ஓடிவந்து வாயைத் திறந்தாள். "ஒப்பாரி வைக்காத தாயி, அவன் தலையைப் பிடிச்சுக்கோ" என்றாள் பேச்சித்தாய். திறந்த வாயை மூடிக்கொண்டு சண்முகத்தாய் தலையை மடியில் ஏந்தினாள்.

பாதம் இரண்டையும் சேர்த்துக் கட்டியபோது தாணுலிங்கம் மிரண்டார். "ஏ, காலைக் கட்டுதாளே! நான் போயிட்டனா?"

"போனவன் இவ்வளவு கத்தமாட்டான். கண்ணை மூடாத தம்பி. உனக்கு எத்தனை அக்கா, எத்தனை தங்கச்சி? எண்ணிச் சொல்லு பாப்போம்."

"பேச்சியக்கா... முத்துக்கனி தங்கச்சி... வடிவு..."

கண் சொருகும்போதெல்லாம் ஒரு தங்கை அவரை அதட்டினாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். மேடையிலிருந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு டாக்டர் வந்து சேர்ந்தபோது கடைசி முடிச்சு விழுந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து தப்பையைத் தொட்டுப் பார்த்தார், முடிச்சுகளைப் பார்த்தார், கால்விரலைக் கிள்ளிப் பார்த்தார். "நான் செய்ய இங்கே ஒன்றும் மிச்சமில்லை. தூக்கச் சொல்லுங்கள், அம்மா" என்று பேச்சித்தாயிடமே சொன்னார். ஞானபாக்கியம் மூலையில் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள்.

அவரைத் தூக்குபடுக்கையில் கிடத்தி, ஆறு பேரும் ஒரே மூச்சாகத் தூக்கினார்கள். வழிநெடுக தாணுலிங்கம் அக்கா தங்கை பெயரைச் சொல்லிக்கொண்டு போனது, ஏதோ சாமி வீதியுலா போகிறபோது போற்றி சொல்வது மாதிரி இருந்தது. எலும்பு தோலைக் குத்தாமல் வந்து சேர்ந்ததால் கால் தப்பியது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

சாயங்காலம் டாக்டர் மேடையில் எழுந்து, பெண்கள் படைக்குப் பரீட்சை வைக்கத் தேவையில்லை, அது நடந்து முடிந்துவிட்டது என்றார். மானேஜர் தம் கையாலேயே பெட்டியை எடுத்துக் கொடுத்தார். நாற்பது பேரும் போட்ட குலவையில் பிரஸ் சங்கு வெட்கப்பட்டு மூன்று நாள் ஊதவில்லை. பெட்டியை முளைப்பாரி போலத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினார்கள்.

தைப்பொங்கலுக்கு முந்தின நாள், கம்பு ஊன்றிய தாணுலிங்கம் ஒரு மாட்டு வண்டியோடு பேச்சித்தாய் வீட்டு முன்னால் வந்து இறங்கினார். வண்டி நிறையக் கரும்பு, மஞ்சள்குலை, பச்சரிசி, பொங்கல் பானை. கூடப்பிறந்தவளுக்குப் பொங்கல்படி கொடுக்காதவனும் ஒரு ஆண்பிள்ளையா? ஆறு பேருக்கு என்றுதான் ஏற்றிவந்தார். ஆனால் தெருமுனையில் பிரஸ்ஸின் நாற்பது பெண்களும் இடுப்பில் கையை வைத்து நின்றார்கள்.

"நீங்க எனக்குக் கட்டே போடலியே தாயி!" என்று கெஞ்சினார்.

"கட்டுப் போடத் துணி கிழிச்சுக் குடுத்தது யாரு அண்ணாச்சி?" என்றாள் ஒருத்தி.

"வழிவிடச் சொல்லிக் கூட்டத்தைத் தள்ளுனது நானு" என்றாள் இன்னொருத்தி.

தாணுலிங்கம் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பழைய பஞ்சு மேஸ்திரிக் குரலில், "வண்டியை இன்னொரு நடைக்குத் திருப்புலே! எனக்கு நாப்பது பேரு கூடப்பொறந்தவ!" என்று கத்தினார். பேச்சித்தாய்க்கே தம்பிதான் என்று அந்தச் சத்தத்தில் ஊருக்குத் தெரிந்துபோயிற்று.

வண்டியில் கரும்புக்கட்டின்மேல் உட்கார்ந்திருந்த சண்முகத்தாய் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"நாத்தனா இல்லாத வீடுன்னு சொல்லித்தான எங்கய்யா என்னைக் கட்டிக் குடுத்தாரு!" என்றாள்.